வாசலுக்கு நேரே ஒரு வரலாறு

திருமூர்த்தி வீடு வாங்கிய கதையைக் கேட்டால், வீடு வாங்கினானா, சந்தையில் மாடு பிடித்தானா என்று சந்தேகம் வரும். தொண்ணூற்றெட்டாம் வருடம் பே ஏரியாவில் வீடு என்பது காசிருந்தால் மட்டும் கிடைக்கிற பொருளாக இல்லை. மில்பிடாஸுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் ஓக்டெல் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பில்டர் குன்றொன்றைச் சீவி மட்டமாக்கி மனை போட்டிருந்தான். வாங்க வந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள். பெயர் வந்தால் மேடைக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் ஒரு மனையைத் தொட வேண்டும். யோசிக்கப் பத்து நிமிடம் கொடுப்பார்கள். அதற்குள் தொடாவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

திருமூர்த்தியின் பெயர் வந்தது. படபடப்போடு மேடையேறி, கிழக்குப் பார்த்த மனை ஒன்றின்மேல் விரலை வைத்து அழுத்தினான். எடுத்தால் வேறு எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயத்தில், பில்டரின் ஆள் வந்து "போதும் சார், உங்களுடையதுதான்" என்று சொல்லும்வரை விரலை எடுக்கவே இல்லை. அந்த மனைக்கு எதிரே, தெருவுக்கு அப்பால், பச்சையாக ஒரு துண்டுப் பூங்காவும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் இருந்தன. தீயணைப்புக் குழாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது அவன் மனைவி எழிலரசி டெக்சாஸில், ரிச்சர்ட்சனில், பிள்ளை பெற்றிருந்த தங்கை சண்முகப்ரியா வீட்டில் இருந்தாள். அன்று சாயங்காலம் போனில், "எழிலு, வீடு வாங்கிட்டேன்!" என்று கத்தினான். மறுமுனையில் "ஓ" என்று ஒரு சத்தம் வந்தது. சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று முடிவு கட்டினான்.

திருமூர்த்தி நல்லவன்தான். குடிக்க மாட்டான், பாத்திரம் கழுவுவான், மாமனாருக்கு ஞாயிறுதோறும் போன் பண்ணுவான். ஆனால் தனக்கு ஒன்று பிடித்துவிட்டால் அது உலகத்துக்கே பிடித்துவிட்டதாக எண்ணிக்கொள்கிற சுபாவம். வீடு எழும்பிய மாதங்களில் எழிலரசி ஒருநாளும் பார்க்க வரவில்லை. சிப் டிசைன் கம்பெனியில் வேலை, டெட்லைன் என்றாள். கார்ப்பெட், டைல்ஸ், குழாய், கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் அவனே போய்ப் பொறுக்கினான். காட்டிய இடங்களில் அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். "என் வொய்ஃப் மாதிரி அடக்கமானவளைப் பாக்க முடியாது" என்று ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டான். அவளுடைய ஆபீஸில் விசாரித்திருந்தால் அடக்கத்தின் லட்சணத்தைச் சொல்லியிருப்பார்கள்.

சாவி கைக்கு வந்த அன்று அவள் கண்களைப் பொத்தி, காரிலிருந்து வாசல்வரை நடத்திக்கொண்டு போனான். "இப்பப் பாரு!" என்று கையை எடுத்தான். எழிலரசி கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி எதிர்ப்புறம் பார்த்தாள்.

"ஏனுங்க, அது என்ன?"

"எது?"

"வாசலுக்கு நேரா நிக்குதே, அது."

அப்போதுதான் அவனும் பார்த்தான். வரைபடத்துப் புள்ளி ஆளுயரக் கருங்கல்லாக வளர்ந்து நின்றது. பூமியில் ஊன்றிய சிமென்ட் இன்னும் காயவில்லை. இருவரும் தெருவைக் கடந்து போய்ப் படித்தார்கள். 'பழைய நாளில் மாட்டு வண்டிகளில் மேற்கே வந்த முன்னோடிகள் இவ்விடத்தில் நின்று முதன்முதலாகப் பள்ளத்தாக்கைக் கண்டனர். முன்னோடிகளின் லுக்அவுட்' என்று பித்தளைத் தகட்டில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. இவ்விடத்தில் நின்று பார்த்தால் திருமூர்த்தியின் கராஜ்தான் தெரிந்தது.

கல்லின் மேல் குற்றமில்லை. முதலில் அது மலைப்பாதை ஓரத்தில் இருந்தது. பாதையை அகலப்படுத்தியபோது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது. தொட்டியைப் பெரிதாக்கியபோது குன்றின் தலைக்குப் போனது. குன்றையே சீவியபோது பூங்காவுக்கு இறங்கி வந்துவிட்டது. 'இவ்விடத்தில்' என்ற சொல்லை மட்டும் யாரும் மாற்றவில்லை.

"இது வாசல் குத்து" என்றாள் எழிலரசி.

வாசலுக்கு நேர் எதிரே கம்பமோ மரமோ கல்லோ நின்றால் அது வீட்டைக் குத்துகிறது, குடியிருப்பவர்களுக்கு ஆகாது என்பது பொள்ளாச்சிப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். திருமூர்த்திக்கும் தெரியும். உடுமலைக்காரன்தானே. ஆனால் இதை எழிலரசி சொல்வாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"நீயா வாஸ்து பேசற? ராகு காலத்துல இன்டர்வியூக்குப் போயி வேலை வாங்கினவ நீ!"

"அது வேலை. இது வீடு. அந்தக் கல்லு அங்க நிக்கிற வரைக்கும் நான் பால் காய்ச்ச வரமாட்டேன். உங்களுக்கு வேணும்னா நீங்க போயி இருந்துக்குங்க."

சொன்னவள் காரில் ஏறி சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

அன்றிலிருந்து புது வீடு பூட்டிக் கிடந்தது. இருவரும் மில்பிடாஸ் அபார்ட்மென்ட்டில் பழையபடி குழாய் ஒழுகுகிற சமையலறையில் இருந்தார்கள். திருமூர்த்தி தினமும் ஆபீஸ் முடிந்து புது வீட்டுக்குப் போய்ப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருவான். மனைவி இல்லாத வீட்டில் நடந்தால் காலடிச் சத்தம் அவனுக்கே பயமாக இருந்தது. சிலநாள் காரிலேயே உட்கார்ந்து கல்லை முறைப்பான். எழிலரசி வராமலே இருந்துவிடுவாளோ என்று பயந்தான்.

யோசனை சொன்னவன் கீழ்வீட்டு தேவநேசன். மார்த்தாண்டத்துக்காரன், சர்ச்சில் கொயர் பாடுகிறவன், வாஸ்துவில் துளி நம்பிக்கையில்லாதவன். ஆனால் அடுத்தவன் வீட்டு விவகாரம் என்றால் எந்த சாஸ்திரத்திலும் இறங்கிவிடுவான்.

"வே, கல்லு வேண்டாம்னு சொல்லிட்டுப் போய் நிக்காதயும். மூடநம்பிக்கைன்னு சிரிப்பானுவ. கல்லு மேல உமக்கு உசிருன்னு சொல்லும். 'ஐயோ, சரித்திரச் சின்னத்தைத் தப்பான எடத்துல வச்சிட்டீங்களே'ன்னு அழும். இந்த ஊருல நூறு வருசத்துக்கு முந்துன ஆணியக் காட்டுனா கூட மியூசியம் கட்டுவானுவ."

சிட்டி ஆபீஸுக்குப் போன் பண்ணினால், அது ஓக்டெல் வரலாற்றுச் சங்கத்தைக் கேளுங்கள் என்றார்கள். சங்கத்தைக் கேட்டால், உறுப்பினர் ஆனால் பேசலாம் என்றார்கள். திருமூர்த்தி உறுப்பினர் ஆனான். சங்கத்தில் கைத்தடி இல்லாமல் நடக்கிற ஒரே ஆள் அவன்தான்.

சங்கத்தின் தலைவி வெர்னா டகெட். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்ற வெள்ளைக்காரக் கிழவி. திருமூர்த்தி தேவநேசன் சொல்லிக்கொடுத்த சோகத்தைத் தொண்டையில் வரவழைத்துக்கொண்டு போன் பண்ணினான்.

"மேடம், திஸ் ஸ்டோன் ஈஸ் இன் தி ராங் பிளேஸ்."

கல்லை ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் அந்தக் கிழவி இதைத்தான் தனியாளாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதன்முறையாக இன்னொரு மனித வாய் அதைச் சொல்கிறது.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

தெரியுமாம்! தெரிந்துகொண்டே வைத்திருக்கிறார்கள்! திருமூர்த்திக்குச் சோகம் போய்க் கோபம் வந்துவிட்டது. "அப்படியானால் இது யாருடைய லுக்அவுட்? சிட்டியின் லுக்அவுட்டா? பில்டரின் லுக்அவுட்டா? உங்கள் லுக்அவுட்டா?" என்று ஆங்கிலத்தில் அடுக்கினான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஊரில் 'அது உன் பாடு' என்று சொல்ல வேண்டிய இடத்தில், படித்தவர்கள் 'அது உன் லுக்அவுட்' என்பார்கள். பொறுப்பைத் தட்டிவிட இதைவிடச் சௌகரியமான சொல் கிடையாது. கோயம்புத்தூர் காலேஜில் புரொபசர்கள் இதைச் சொல்லித்தான் மார்க்கைக் குறைத்தார்கள். அமெரிக்கக் கிழவிக்கோ லுக்அவுட் என்றால் மேட்டில் நின்று பார்க்கிற இடம். வேறு அர்த்தத்தில் அந்தச் சொல்லை அவள் வாழ்நாளில் அவளிடம் யாரும் பேசியதில்லை.

"அதுதான் மர்மம்" என்றாள் வெர்னா உணர்ச்சியோடு. "லுக்அவுட் எதுவென்று இன்று யாருக்கும் தெரியாது."

பொறுப்பு யாருடையது என்று ஊரில் யாருக்கும் தெரியாதாம். திருமூர்த்திக்கு ரத்தம் கொதித்தது.

"மேடம், ஒன் திங் ஐ நோ. மை ஹவுஸ் ஈஸ் மை லுக்அவுட்!"

"உங்கள் வீடா? நிச்சயமாகவா?"

"ஹண்ட்ரட் பர்சென்ட்! முப்பது வருஷத்துக்கு லோன் போட்டிருக்கிறேன் மேடம்!"

வெர்னா அவசரமாகக் கேட்டாள்: "மிஸ்டர் மூர்த்தி, நாங்கள் வந்து அளந்து பார்க்கலாமா?"

"தாராளமா வாங்க!" என்றான். கல்லை அப்புறப்படுத்தத்தானே அளக்கப் போகிறார்கள்.

அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டார்கள். வெர்னாவோடு ரிட்டயரான சர்வேயர் ஒருவர் முக்காலியும் குழல் கருவியும் கொண்டுவந்தார். தூரத்து மலைமுகடுகள் இரண்டைப் பார்த்தார், பழைய சர்ச்சின் மணிக்கூண்டைப் பார்த்தார், கணக்குப் போட்டார். கல்லுக்கும் வாசலுக்கும் நடுவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். குத்து எத்தனை அடி என்று அளக்கிறார்கள் போலும் என்று திருமூர்த்தி முறுக்கும் கோக்கும் கொடுத்து உபசரித்தான். கடைசியில் சர்வேயர் அவன் சமையலறைக்குள் புகுந்து, அடுப்பு மேடைக்கு முன்னால் நின்று, கீழே தரையைக் காட்டி ஏதோ சொன்னார். வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமையலறை அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது என்று திருமூர்த்திக்கும் கண் கலங்கியது.

சங்கத்துக் கூட்டத்துக்குக் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போனான். தேவநேசனும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தான். வெர்னா எழுந்து, கல்லை இடம் மாற்றச் சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது என்று அறிவித்ததும் கைத்தடிகளைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். திருமூர்த்தி எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டான். குரல் தழுதழுக்க, "இத்தனை நாள் நான் பட்ட பாட்டைக் கடவுள்தான் அறிவார்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். மறுபடியும் தட்டினார்கள்.

"சரியான லுக்அவுட் மிஸ்டர் மூர்த்தியின் அடுப்படியில் இருக்கிறது" என்றாள் வெர்னா. "அவர் சொன்னது அடிபிசகாமல் உண்மை. அடுப்படியில் கல்லை வைக்க முடியாதுதான். ஆகவே அதற்கு மிக அருகில், அவருடைய முன்புல்வெளியில், வாசலுக்கு முன்னால் நிறுத்தப் போகிறோம்."

திருமூர்த்தி கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றான். பின்வரிசையில் தேவநேசன் நாற்காலிக்குக் கீழே எதையோ தேடுகிறவன்போல் குனிந்தவன்தான், கூட்டம் முடிகிறவரை நிமிரவில்லை. காரில் ஏறியதும் சொன்னான்: "கல்லை நகத்தணும்னு கேட்டீரு. நகத்திட்டானுவ. இனி என்ன வேணும் உமக்கு?"

எழிலரசியிடம் இதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற கல்லுக்கே வராதவள், வாசலில் வந்து உட்காரப் போகிற கல்லுக்கா வருவாள்? தனிவீட்டில் தனியாகப் பால் காய்ச்சித் தனியாகக் குடிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டான். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவன் தள்ளிக்கொண்டிருந்தபோதே ஒரு சாயங்காலம் அபார்ட்மென்ட் கதவு தட்டப்பட்டது. வெர்னா டகெட் நின்றிருந்தாள். கையில் அவளே சுட்ட ஆப்பிள் பை.

எழிலரசி உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தாள். வெர்னா நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினாள். முன்னோடிகளின் இடத்தைக் கண்டுபிடித்துத் தந்த மாமனிதன் என்று திருமூர்த்தியைக் கைகாட்டினாள். திருமூர்த்தி சோபாவுக்குள் புதைந்துபோக வழியிருக்கிறதா என்று பார்த்தான்.

"முதல் நாள் போனிலேயே சொன்னார். 'என் வீடுதான் என் லுக்அவுட்' என்று எத்தனை உறுதியாகச் சொன்னார் தெரியுமா!"

எழிலரசி காபியைக் கீழே வைத்தாள். கணவனைப் பார்த்தாள். "லுக்அவுட்டுன்னா சொன்னீங்க?" என்று தமிழில் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நம்ம அர்த்தத்துல சொன்னேன் எழிலு" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புரையேறி, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த அபார்ட்மென்ட்டில் கேட்ட சிரிப்பு. விஷயம் புரியாவிட்டாலும் வெர்னாவும் மரியாதைக்குச் சிரித்தாள். பிறகு அவள் எழிலரசி பக்கம் திரும்பி, அவள் முழங்கையைத் தொட்டுக் கேட்டாள்:

"அது உன் வீடும்தானே, கண்ணு. உன் சம்மதம் இல்லாமல் நான் ஒரு கூழாங்கல்லைக்கூட அங்கே வைக்க மாட்டேன். நீ என்ன நினைக்கிறாய்? உனக்கு என்ன வேண்டும்?"

எழிலரசியின் சிரிப்பு நின்றது. கண்ணில் நீர் மட்டும் நிற்கவில்லை. திருமூர்த்தி பயந்துபோய் எழுந்தான்.

"பாத்தீங்களா" என்றாள் அவனிடம். "ஊரு பேரு தெரியாத பாட்டி. என்னைக் கேக்கறாங்க. நீங்க கேட்டீங்களா?"

"என்ன எழிலு கேக்கல?"

"பத்து நிமிஷம் குடுத்தாங்கல்ல? ரிச்சர்ட்சனுக்கு ஒரு போன் போட எவ்வளவு நேரம் ஆகும்? 'எழிலு, வீடு வாங்கட்டுமா, எது வேணும்'னு ஒரு வார்த்தை. அதுக்கு முன்னாடி இந்த ஊருக்கு வேலை மாத்தினப்பவும் அப்படித்தான். ஆஃபர் லெட்டருக்கு ஓகே சொல்லிட்டு வந்து எனக்கு ஸ்வீட் குடுத்தீங்க."

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"சேலை வாங்கினாலே கலர் கேப்பாங்க. வீட்டை யாராச்சும் சர்ப்ரைஸா வாங்குவாங்களா?"

"அப்ப அந்தக் கல்லு? குத்து?"

"கல்லு என்னங்க பண்ணுச்சு, பாவம். வேற எதைச் சொல்லியிருந்தாலும் நீங்க சமாதானம் சொல்லியிருப்பீங்க. வாஸ்துன்னு சொன்னாதான் வாயடைச்சு நிப்பீங்க. அதான் சொன்னேன்."

திருமூர்த்தி வாயடைத்துத்தான் நின்றான். டைல்ஸ் கடையில் தனியாக நின்று தனக்குப் பிடித்ததையெல்லாம் சந்தோஷமாகப் பொறுக்கியது ஞாபகம் வந்தது. அப்போது ஒருமுறைகூட அவள் முகம் மனதில் வரவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. கல்லோடு மல்லுக்கட்டிய நேரத்தில் பாதியை இவளோடு பேசச் செலவழித்திருந்தால் போதும் என்று நினைத்தபோது தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"தப்புதான் எழிலு" என்றான். "இப்பக் கேக்கறேன். அந்த வீடு உனக்கு வேணுமா? வேண்டாம்னா வித்துரலாம். நிஜமாத்தான் சொல்றேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள போயிப் பாத்ததே இல்லியே. பாத்துட்டுச் சொல்றேன்."

மூன்று பேருமே காரில் போனார்கள். மலைமேல் வெயில் மஞ்சளாக மிச்சமிருந்தது. எழிலரசி இறங்கியதும் முதலில் பூங்காவுக்குப் போய்க் கல்லை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு வெர்னாவிடம், "இதை நகர்த்த வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்" என்றாள். "போகிற இடத்திலெல்லாம் விரட்டியிருக்கிறார்கள். பாவம், கொஞ்ச நாள் ஓர் இடத்தில் நிற்கட்டும். பக்கத்தில் ஒரு தகடு வைத்து, சரியான இடம் எதிர்வீட்டு அடுப்படி என்று எழுதிவிடுங்கள்."

வெர்னாவுக்கு ஏமாற்றம்தான். ஆனால் கேட்டவள் அவள். பதில் வந்துவிட்டது. பெருமூச்சு விட்டு, "தகட்டுக்கு நானே வாசகம் எழுதுகிறேன்" என்றாள்.

எழிலரசி கணவனிடம் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்துவிட்டு அவனும் பின்னால் நடந்தான். "நீங்க இருங்க. நான் தனியாப் பாக்கணும்" என்றாள். அவன் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

கதவு திறந்து மூடியது. கீழே ஒரு விளக்கு எரிந்தது. அடுத்ததும் எரிந்தது. சமையலறை விளக்கு வெகுநேரம் தனியாக எரிந்தது. அவள் அங்கே என்ன பார்க்கிறாள், பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்று ஒன்றும் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விற்றுவிட வேண்டியதுதான், வாக்குக் கொடுத்தாயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டான். தேறவில்லை. வெர்னா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

மாடியில் விளக்கு எரிந்தது. ஜன்னல் தடதடவென்று மேலேறியது. எழிலரசி தலையை வெளியே நீட்டி, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"ஏனுங்க! பாத்ரூமுக்கு ரோஸ் கலர் டைல் எந்தக் கேணையன் செலக்ட் பண்ணினான்?"

"நாந்தான்!" என்று திருமூர்த்தியும் கத்தினான். கன்னத்தில் நீர் வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்று பதறினாள் வெர்னா. "பிடிக்கவில்லையாமா?"

"துளியும் பிடிக்கவில்லை, மேடம். எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துவிட்டு மாற்றச் சொல்லப் போகிறாள்" என்றான் அவன் சந்தோஷமாக. "குடி வரப் போகிறாள்."